மூளையின் சிறுநாளங்களை மரபணு காட்டிக்கொடுக்குமா?

அறுபதைத் தாண்டிய ஒருவர் தலைச்சுற்றலுக்காகவோ மறதிக்காகவோ மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், அறிக்கையில் ஒரு வரி வருவது சகஜம்: வெண்பொருளில் சிறுநாள நோயால் உண்டான மாற்றங்கள் தெரிகின்றன. 'வயசானா வர்றதுதான்' என்று டாக்டர் பிலிமை உறைக்குள் போட்டுவிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும் நோய் சிறியதல்ல. இரத்தநாள அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதனால் வருகிறது. மூளைக்குள் இரத்தம் கசிவதற்கும், முதுமையில் வரும் மறதிநோய்க்கும் இதன் பங்கு கணிசமானது.

இந்த நாளங்களைச் சாதாரண ஸ்கேனில் பார்க்க முடியாது. பெரிய தமனிகளிலிருந்து கிளைத்து மூளையின் ஆழத்துக்குள் இறங்கும் அவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். வாய்க்கால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் எட்டாமல் காய்ந்த வயல்தான் தெரிகிறது. வெண்திட்டுகள், சின்னச் சின்னக் குழிவுகள், நுண்கசிவுகள் என்று ஸ்கேன் காட்டுவதெல்லாம் நடந்து முடிந்த சேதம். சேதத்துக்கு முன்பே, இரத்தத்திலுள்ள டிஎன்ஏவைப் படித்து இதைச் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. முடியும் என்றும், முடியாது என்றும், கேள்வியே பிழை என்றும் கடந்த முப்பது ஆண்டுகளில் பதில்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நியாயமானது. ஒன்றின் எல்லைக்குள் கிடைத்த விடையை இன்னொன்றின் எல்லைக்குள் கொண்டுபோய் வைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

பிரஷர்தான் காரணம் என்ற காலம்

நோய்க்கு வயது அதிகம். மூளையில் தோன்றும் சிறு குழிகளுக்கு 'லாகுன்' என்ற பெயரை 1838இல் தெஷாம்பிர் பயன்படுத்தினார். 1894இல் ஓட்டோ பின்ஸ்வாங்கர், நாளங்கள் தடித்து வெண்பொருள் சுருங்கிப்போகும் மறதிநோயை விவரித்தார். 1901இல் பியேர் மரி குழிவுகள் நிறைந்த மூளையைத் தனி நிலையாக எழுதினார். இவர்கள் எல்லோரும் பார்த்தது பிரேதப் பரிசோதனை மேசையில். 1960களில் மில்லர் ஃபிஷர் அந்த மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி ஒவ்வொரு குழிவுக்கும் உரிய நாளத்தைத் தேடிப்போனார். நாளச் சுவர் சிதைந்து கொழுப்பேறியிருந்ததைக் கண்டு, அதற்கு முதன்மைக் காரணம் உயர் இரத்த அழுத்தம் என்றார்.

அந்த விடை அடுத்த தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது. இன்றும் அது தவறல்ல. 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, பிரஷரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் வெண்திட்டுகள் மெதுவாக வளர்ந்ததைக் காட்டியது. ஆனால் பிரஷரே இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருவதையும், அது சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதையும் ஃபிஷரின் விடையால் விளக்க முடியவில்லை.

பாரிசில் ஒரு குடும்பம்

1976இல் பாரிசின் நரம்பியல் மருத்துவர் மரி-ஜெர்மேன் பூசே, ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பார்த்தார். சிறு பக்கவாதங்கள் பல வந்திருந்தன, பிரஷர் இல்லை. பின்ஸ்வாங்கர் நோய் என்று எழுதி வைத்தார். பிற்பாடு அவர் பிள்ளைகளுக்கும் அதே தொல்லை வந்தபோது கதை மாறியது. குடும்பத்தினரை வரிசையாக வரவழைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அறிகுறியே இல்லாத சிலரின் மூளையிலும் வெண்மை பரவியிருந்தது. மரபியலாளர் எலிசபெத் தூர்னியே-லாசெர்வ் அந்தத் தடத்தைத் தொடர்ந்து 1993இல் 19ஆவது குரோமோசோம் வரை போய்ச் சேர்ந்தார். 1996இல் அன் ஜுத்தேல் உள்ளிட்ட குழு மரபணுவையே கண்டுபிடித்தது: நாட்ச்3. நோய்க்குக் கடாசில் என்று பெயரிட்டார்கள். பூசே, தூர்னியே-லாசெர்வ், ஜுத்தேல், நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த உக் ஷாப்ரியா ஆகிய நால்வருக்கும் 2019இல் மூளை ஆய்வுக்கான 'பிரெய்ன் பிரைஸ்' கிடைத்தது.

மரபணுவால் சிறுநாள நோயைக் கண்டறிய முடியும் என்ற கட்சி வலுப்பெற்றது இங்கேதான். நாட்ச்3 மரபணு உருவாக்கும் புரதம் சிறுநாளங்களின் தசைச் செல்களில் உட்காரும். அதன் வெளிப்பகுதி ஒரே அச்சில் வார்த்ததுபோல 34 கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஆறு சிஸ்டீன்கள். சிஸ்டீன் என்பது ஜோடி தேடும் அமினோ அமிலம். ஆறும் இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று பூட்டுகளைப் போட்டுக்கொள்வதால்தான் கண்ணி தன் வடிவில் நிற்கிறது. கடாசிலில் ஒரு சிஸ்டீன் குறைகிறது, அல்லது ஒன்று கூடுகிறது. ஐந்தோ ஏழோ ஆகிவிட்டால் ஒன்றுக்கு ஜோடி கிடையாது. தனித்து நிற்கும் அந்தச் சிஸ்டீன் பக்கத்துப் புரதங்களைப் பற்றி இழுக்கிறது. புரதங்கள் நாளச் சுவரில் திரண்டு படிகின்றன. நோய் மூளையில் தெரிந்தாலும் படிவு உடம்பெங்குமுள்ள சிறுநாளங்களில் இருப்பதால், கையில் சிறு தோல் துண்டை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாலே தசைச் செல்லின் ஓரத்தில் கருமையான பொடித் திட்டுகள் தெரியும்.

இவ்வளவு தெளிவான குறியீடு மருத்துவத்தில் அரிது. ஒரு குடும்பத்தில் மாறுபாடு இன்னதென்று தெரிந்துவிட்டால், அதே குடும்பத்தின் இன்னொருவருக்கு அது இருக்கிறதா இல்லையா என்று இரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே ஆம், இல்லை என்று சொல்லலாம்.

கடாசிலுக்குப் பின் உறவுக்கார நோய்கள் வரிசை கட்டின. எச்டிஆர்ஏ1 மரபணுவின் இரு பிரதியும் பழுதானால் வரும் கராசில் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டது. இளமையிலேயே முடி கொட்டுவதும் முதுகுவலியும் அதன் கூடவே வரும். அதன் மரபணுக் காரணம் 2009இல் உறுதியானது. நாளச் சுவரின் கொலாஜனுக்குரிய கால்4ஏ1, கால்4ஏ2, விழித்திரையையும் சேர்த்துப் பாதிக்கும் ட்ரெக்ஸ்1, ஃபாப்ரி நோய்க்குரிய ஜிஎல்ஏ ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன.

மரபணு எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கு ஒரு சுவீடன் குடும்பம் சாட்சி. 1977இல் பதிவான அந்தக் குடும்பத்தை, கடாசிலின் ஆரம்பகால உதாரணம் என்று நூல்கள் நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தன. 2007இல் தேடிப் பார்த்தபோது நாட்ச்3இல் பழுது இல்லை. 2017இல் விடை கிடைத்தது: கோளாறு கால்4ஏ1இல், அதுவும் புரதத்தை எழுதும் பகுதியில் அல்ல, அதன் வாலில். நாற்பதாண்டு மேற்கோளை ஒரு பரிசோதனை திருத்தியது.

ஆனால் எல்லை குறுகலானது

இந்தக் கட்சியின் பலவீனம் எண்ணிக்கை. கடாசில் ஒரு லட்சம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு. எழுபது வயதுக்குள், சிறுநாளம் அடைபடுவதால் உண்டாகும் லாகுனார் பக்கவாதம் வந்த பிரிட்டிஷ் நோயாளிகள் 950 பேரின் மரபணுக்களை 2019இல் படித்தபோது, அறியப்பட்ட ஒற்றை மரபணு நோய்கள் கிடைத்தது 1.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே. நூறு பேரைச் சோதித்தால் ஒருவரோ இருவரோ. மீதிப்பேருக்கு இந்தப் பட்டியலிடம் பதில் இல்லை.

எனவே யாருக்குச் சோதனை என்பதை மருத்துவர் முன்கூட்டியே தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இளவயதுப் பக்கவாதம், பிரஷரோ சர்க்கரையோ இல்லாமை, கண்ணெதிரே வெளிச்சக் கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி, குடும்ப வரலாறு, நெற்றிப்பொட்டுக்குப் பின்னுள்ள மூளை நுனியில் வெண்மை ஆகியவை வழக்கமான அடையாளங்கள். அதாவது, மரபணுச் சோதனைக்குப் போவதற்கு முன்பே ஸ்கேன் பாதி வேலையை முடித்திருக்கும். முதலில் கண்டுபிடிப்பது ஸ்கேன், பெயர் சூட்டுவது மரபணு என்பதே இன்றைய நடைமுறை.

நோயில்லாத நோய்க்குறி

2016இல் நெதர்லாந்தின் லைடனில் ரூட்டனும் குழுவினரும் எளிய ஒரு வேலையைச் செய்தார்கள். வேறு வேறு காரணங்களுக்காகத் திரட்டப்பட்ட பல்லாயிரம் பேரின் மரபணுத் தகவல் பொதுத் தளத்தில் கிடந்தது. அதில் சிஸ்டீனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் நாட்ச்3 மாறுபாடுகள் எத்தனை என்று எண்ணினார்கள். ஆயிரத்தில் மூன்று பேருக்குமேல் இருந்தது. பழைய மதிப்பீட்டைவிட ஏறத்தாழ நூறு மடங்கு. பிரிட்டனின் யூகே பயோபேங்க் திரட்டிலும் பிற்பாடு சற்றேறக்குறைய இதே அளவு தெரிந்தது.

ஒற்றை மரபணுக் கட்சியின் அடித்தளத்தையே அசைத்த கணக்கு இது. 'கடாசில் மரபணு' உள்ளவர்களில் பெரும்பாலோர் கடாசில் நோயாளிகளாக மருத்துவமனைக்கு வரவே இல்லை. அப்படியானால் குறி இருப்பது நோய் இருப்பதாகுமா?

பதிலின் ஒரு பகுதியை அதே குழு 2019இல் தந்தது. 34 கண்ணிகளில் எதில் பழுது என்பது முக்கியம். முதல் ஆறில் இருந்தால் நோய் கடுமை. ஏழு முதல் முப்பத்துநான்கு வரை இருந்தால் பக்கவாதம் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு தள்ளி வருகிறது. மருத்துவமனைக் குடும்பங்களில் முதல் வகை அதிகம். பொது மக்களிடம் கிட்டத்தட்ட எல்லாம் இரண்டாம் வகை. தைவானில் நூறில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகக் காணப்படும் 544ஆவது இடத்து மாறுபாடும் பிற்பகுதியைச் சேர்ந்ததே. அதைச் சுமப்பவர்களில் பலர் முதுமைவரை பக்கவாதம் இல்லாமலே வாழ்கிறார்கள். பழுதான இடத்தோடு புகைபிடித்தலும் பிரஷரும் சேர்கின்றன. இவை இருக்கும் கடாசில்காரர்களுக்குப் பக்கவாதம் முந்தி வருகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

தெற்காசியாவின் 1231

இந்த விவாதத்தில் நம் துணைக்கண்டத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. பாகிஸ்தானில் சுமார் 75,000 பேரின் மரபணுக்களைப் படித்து 2024இல் வெளியான ஆய்வு ஒரே ஓர் எழுத்தில் வந்து நின்றது. நாட்ச்3 மரபணுவின் 3691ஆவது எழுத்து 'சி'க்குப் பதில் 'டி'. அதனால் புரதத்தின் 1231ஆவது இடத்தில் ஆர்ஜினின் போய்ச் சிஸ்டீன் வருகிறது: ஏழாவது சிஸ்டீன், ஜோடியில்லாதது. இந்த எழுத்துமாற்றத்தின் விகிதம் தெற்காசியர்களிடம் 0.58 விழுக்காடு, மேற்கு ஐரோப்பியர்களிடம் 0.019. ஒவ்வொருவருக்கும் இரு பிரதி உண்டு என்பதால், தெற்காசியரில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் இதைச் சுமக்கிறார் என்று பொருள்.

இதைச் சுமப்பவர்களுக்கு எல்லா வகைப் பக்கவாதமும் வரும் வாய்ப்பு இரண்டே கால் மடங்கு, மூளையின் ஆழத்தில் இரத்தம் கசியும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் சற்று மேல். தெற்காசியாவின் மொத்தப் பக்கவாதங்களில் ஏறத்தாழ 1.1 விழுக்காட்டை இந்த ஒரே எழுத்தின் கணக்கில் எழுதலாம் என்கிறது ஆய்வு. ஒரே ஒரு எழுத்துக்கு இது பெரிய பங்கு. அதே சமயம், தனிமனிதருக்கு அது தரும் தீர்ப்பு மங்கலானது. இரண்டே கால் மடங்கு என்பது பிரஷர் உள்ளவரைப் பார்த்து டாக்டர் சொல்லும் எச்சரிக்கையைவிடப் பெரிய வேறுபாடல்ல.

தமிழர்களிடம் இதன் விகிதம் என்ன என்று கேட்டால், இருக்கும் தரவு எவ்வளவு மெலிந்தது என்பது புரியும். உலகெங்கும் ஆய்வாளர்கள் புழங்கும் 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்ட'த்தில் தெற்காசியாவுக்கென உள்ள ஐந்து குழுக்களில் ஒன்று, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். ஆட்கள் நூறுக்குச் சற்று மேல். 0.58 விழுக்காடு உள்ள மாறுபாட்டை நூறு பேரில் தேடினால் ஒன்று கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். எதைவைத்தும் எதையும் சொல்ல முடியாது. 83 சமூகக் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்படிப்பட்ட கணக்கைப் போட அது நல்ல இடம். ஆனால் மரபணுவோடு மூளை ஸ்கேனும் சேர்ந்திருந்தால்தான் நோயைப் பற்றிப் பேச முடியும். கர்நாடகத்தின் சீனிவாசபுராவில் கிராமத்து முதியவர்களைப் பல்லாண்டு தொடரும் பெங்களூரு மூளை ஆய்வு மையத்தின் திட்டம் போன்றவை அந்த வகையில் அரியவை.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கராசில் போன்ற, இரு பிரதியும் பழுதானால் வரும் நோய்களுக்கு நெருங்கிய உறவில் நடக்கும் திருமணம் வழியமைத்துக் கொடுக்கிறது. அக்காள் மகளையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கமுள்ள பகுதிகளில், இளவயதிலேயே பக்கவாதம் கண்டவரிடம் குடும்ப மரத்தை வரைந்து கேட்பது செலவில்லாத முதல் சோதனை.

பல்லாயிரம் சிறு தள்ளல்கள்

மீதமுள்ள பெரும்பான்மையைப் பற்றிப் பேசும் கட்சி வேறிடத்திலிருந்து வந்தது. 1998இல் அமெரிக்க ஆண் இரட்டையர்களைப் பார்த்த ஆய்வு, வெண்திட்டுகளின் அளவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் மரபால் வருவது என்றது. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்வில் பங்கேற்ற குடும்பங்களில் அந்தப் பங்கு 55 விழுக்காடு. இவ்வளவு மரபுவழிப் பங்கு இருந்தும் பழுதான ஒற்றை மரபணு அகப்படவில்லை என்றால், மிகச் சிறிய தள்ளல்கள் பல சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

அவற்றைத் தேடும் முழுமரபணு ஒப்பீடுகள் 2011இல் முதல் பலனைத் தந்தன: 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி. அங்குள்ள ட்ரிம்47 மரபணுமீது இன்று சந்தேகம் வலுவாக இருக்கிறது. 2021இல் லாகுனார் பக்கவாதத்துக்கு 12 இடங்கள் கிடைத்தன. 2022இல் ஐந்து வம்சாவழிகளைச் சேர்ந்த 1,10,182 பக்கவாத நோயாளிகளை ஒப்பிட்ட கிகாஸ்ட்ரோக் கூட்டாய்வு எல்லா வகைக்கும் சேர்த்து 89 இடங்களைக் குறித்தது. ஏபிஓஇ மரபணுவின் சில வடிவங்கள், அமிலாய்டு படிந்து மூளையின் வெளிப்பகுதி நாளங்கள் உடையும் வகையோடு சேர்ந்து வருவது தனிக்கதை.

இந்தச் சிறு தள்ளல்களையெல்லாம் கூட்டி ஒருவருக்கு ஓர் எண் கொடுப்பதுதான் பன்மரபணு மதிப்பெண். கூட்டமாகப் பார்க்கும்போது அது வேலை செய்கிறது: உச்சியில் உள்ள குழுவுக்கு நோய் கூடுதல், அடியில் உள்ள குழுவுக்குக் குறைவு. தனி ஆளிடம் கொண்டுபோனால் அது தரும் தகவல், வயதும் பிரஷர் அளவும் ஏற்கெனவே சொன்னதன்மேல் கொஞ்சம்தான் கூட்டுகிறது. இதில் இன்னொரு வட்டமும் இருக்கிறது. கிடைத்த இடங்களில் சில இரத்த அழுத்தத்தை உயர்த்துபவையே. அதை அளக்கக் கையில் கட்டும் பட்டை போதும், மரபணு தேவையில்லை. தரவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவழியினருடையது என்பதால், அவர்களுக்காகத் தைத்த மதிப்பெண் தெற்காசிய உடம்பில் தொளதொளக்கிறது. சிறுநாள நோயைக் கண்டறியும் கருவி என்ற பெயரை இதற்குக் கொடுப்பது அவசரம் என்றே படுகிறது.

இரண்டு தேடல்களும் சேருமிடம்

ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. அரிய குடும்ப நோய்களைத் தேடிய தடமும், பொது மக்களைத் தேடிய தடமும் ஒரே மரபணுக்களில் முட்டிக்கொண்டன. கால்4ஏ1, கால்4ஏ2, எச்டிஆர்ஏ1 மூன்றும் இரு பட்டியலிலும் இருக்கின்றன. கராசிலுக்கு இரு பிரதியும் பழுதாக வேண்டும் என்று நம்பப்பட்ட எச்டிஆர்ஏ1இல், ஒரு பிரதி பழுதானாலும் தாமதமாக நோய் வருவதை 2015இல் பிரெஞ்சுக் குழு கண்டது. குடும்பத்தில் சிறுநாள நோய் தொடர்ந்த 201 பேரில் சுமார் ஐந்து விழுக்காட்டினரிடம் அது இருந்தது. கடாசிலால் இறந்தவர்களின் மூளை நாளங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் எச்டிஆர்ஏ1 வேலை செய்யாததன் தடயங்கள் தெரிந்தன. திரண்டு கிடந்த நாட்ச்3 அந்தப் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதிலிருந்து எழும் சித்திரம்: சிறுநாளத்தைச் சுற்றியுள்ள புரத வலைப்பின்னல்தான் பொதுவான களம். ஒருவருக்கு அது ஒரே அடியில் கிழிகிறது. இன்னொருவருக்கு ஐம்பது ஆண்டில் இழை இழையாகப் பிய்கிறது. இந்தக் கருதுகோள் இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. மூளையின் வெளிப்பகுதியை உடைக்கும் அமிலாய்டு வகை இதற்குள் அவ்வளவு எளிதாக அடங்காது. ஆனாலும் மரபணு ஆய்வின் பெரிய பயன் கண்டறிதலில் அல்ல, மருந்து எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சுட்டுவதில் இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்து வருவது இதனால்தான்.

தெரிந்தால் என்ன செய்வது

கடாசிலைத் தடுத்து நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. லாகுனார் பக்கவாதத்தில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த எஸ்பிஎஸ்3 ஆய்வில் பலன் கிடைக்கவில்லை, கசிவுதான் கூடியது. சிலோஸ்டசாலையும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டையும் வைத்து நடந்த லாசி-2 ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள் நம்பிக்கை தருபவை, ஆனால் அது பெரிய ஆய்வுக்கான ஒத்திகை. இன்று மரபணு முடிவு எதுவாக இருந்தாலும் சீட்டில் எழுதப்படுவது ஒன்றே: பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், புகையை விடுங்கள், நடங்கள்.

அதனால் முன்கூட்டித் தெரிந்துகொள்வது வீண் என்பது ஒரு வாதம். புகையை விடுவதற்கு உறுதியான காரணம் கிடைக்கிறது, பிள்ளை பெறுவது பற்றி முடிவெடுக்க முடிகிறது, இனி நோய் வராது என்று அறியும் உறவினருக்கு நிம்மதி என்பது எதிர்வாதம். முதல் ஆறு கண்ணிகளில் பழுதுள்ள குடும்பங்களுக்கு இரண்டாவது வாதம் பொருந்துகிறது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, பதினெட்டு வயதுக்குக் கீழ் அறிகுறியில்லாத பிள்ளைகளுக்குச் சோதனை செய்யாமை என்ற நடைமுறை அங்கே பரவலாக ஏற்கப்பட்டது.

1231ஆவது இடத்து மாறுபாட்டுக்கு அந்த நடைமுறையை அப்படியே நீட்டலாமா என்பதுதான் தீராத கேள்வி. மரபணுக்களில் புரதத்தை எழுதும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்சோம் சோதனை மலிந்து வருகிறது. புற்றுநோய்க்காகவோ குழந்தையின் வளர்ச்சிக் குறைவுக்காகவோ எடுக்கும் சோதனையில், கேட்காமலே இது வெளிவரும். தெற்காசியாவில் நூறு அறிக்கைக்கு ஒன்று. நாற்பது வயதான, பிரஷர் இல்லாத ஒரு பெண்ணின் அறிக்கையில் ஆய்வகம் அதைக் 'கடாசில்' என்று எழுத வேண்டுமா, 'பக்கவாதத்துக்கான மிதமான ஆபத்துக்காரணி' என்று எழுத வேண்டுமா, இரு பிரதியும் மாறியவருக்கு என்ன எழுதுவது? இதைச் சுமக்கும், நோயில்லாத தெற்காசியர்கள் சில ஆயிரம் பேரை இருபதாண்டு ஸ்கேனோடு தொடர்ந்தால் பதில் கிடைக்கக்கூடும். அதுவரை அந்த அறிக்கை எந்த மேசைக்குப் போகிறதோ, அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் சொல்வதுதான் அவளுக்கு நோயின் பெயர்.